பொட்டலம் இல்லாத அறை

உங்கள் கணினி மேல் வைத்திருக்கும் பச்சைப் பொட்டலத்துக்குத் தேதி முடிந்து நான்கு நாளாகிறது சார். குறையாகச் சொல்லவில்லை. நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சற்று முன் என் பெயரை அடிக்கும்போது திரை அப்படியே நின்றுபோனதே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் சொல்வேன். நான் அறிவியல் படித்தவன். இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

‘சமத்து’ என்று பெயர் அச்சடித்த தேங்காய் வாசனைத் தீனி. எந்திரத்தின் மேல் வைத்தால் எந்திரம் சமத்தாக இருக்கும். பச்சை உறைதான் வைக்க வேண்டும். தேதி முடிந்திருக்கக் கூடாது. பசிக்கிறதென்று யாரும் பிரித்துவிடக் கூடாது. வேண்டுதல் இருந்தால் உறைமேல் மார்க்கரால் எழுதலாம். இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்தத் தீவில் ஆஸ்பத்திரிக் கருவியிலிருந்து ஏடிஎம் வரை எதன் தலையிலும் அது உட்கார்ந்திருக்கிறது. மூளை அலை அளக்கும் கருவிமேல் என் பேராசிரியரே ஒன்று வைத்திருக்கிறார். ஆனாலும் வாக்குமூலத்தில் இது எழுத்தில் வர வேண்டும். விஷயமே இதைச் சுற்றித்தான்.

நேற்று மதியம் ஒரு மணிக்கே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்து மேஜைமேல் தலைவைத்துப் படுத்திருந்த காவலர், கண்ணைத் திறக்காமலே ஒன்றரைக்கு வரச் சொன்னார். எதிர்க்கடையில் தேநீரில் வேகவைத்த முட்டை இரண்டு தின்றுவிட்டு ஒன்றரைக்கு வந்தேன். அவரைக் கண்டிக்க வேண்டாம். மதிய உறக்கத்தின் மதிப்பு தெரிந்தவன் நான். என் ஆராய்ச்சியே அதன்மேல் கட்டியதுதான்.

பெயர் பான் ஷுயுவான். வயது இருபத்தைந்து. விளையாட்டு உளவியல் முதுகலை, நான்காம் ஆண்டு. அது இரண்டு ஆண்டுப் படிப்பு. கல்லூரிக் கூடைப்பந்து அணியில் எனக்கு ஒரு வேலை இருந்தது, பெயர்தான் இல்லை. பிள்ளைகள் ‘மூச்சு சீனியர்’ என்பார்கள். ஆட்டத்துக்கு முன் அவர்களைப் படுக்கவைத்து மூச்சுவிடச் சொல்லுவேன். பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப்பேர் தூங்கியவர்களைப் படம் எடுப்பார்கள்.

உங்கள் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கிறது சார். மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, வாயால் ஆறு எண்ணும்வரை விடுங்கள். பார்த்தீர்களா, இறங்குகிறது.

தூ ஹாவ்ரன் போன வருடம் வந்தான். பிங்துங் கடலோரத்தில் மீன்குட்டை வைத்திருக்கும் வீட்டுப் பையன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருப்பான். பயிற்சியில் கோட்டில் நின்று பத்து பந்து எறிந்தால் ஒன்பது உள்ளே போகும். ஆட்டத்தில் நாலு. பயிற்சியாளர் யென் அவனை என்னிடம் அனுப்பும்போது இப்படித்தான் சொன்னார்: “இவன் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு பாருப்பா. ஒண்ணுமே இல்லேன்னா எனக்கு ரொம்ப சந்தோஷம்.”

இருந்தது. தவறு செய்தவனுக்குத் தண்டனையாக எதிராளிக்குக் கொடுக்கிற பந்துக்கு நம் மொழியில் தண்டனைப் பந்து என்று பெயர். மற்ற நாடுகளில் இலவசம் என்றோ சுதந்திரம் என்றோ பெயர் வைத்திருக்கிறார்கள். அடிவாங்கியவன் வந்து நின்று எறிகிறான், நாம் அவனைப் பார்த்துத் தண்டனை என்கிறோம். ஹாவ்ரன் விஷயத்தில் அது வெறும் சொல் இல்லை. பள்ளியில் அவனுடைய பயிற்சியாளர் தவறிப்போன ஒவ்வொரு பந்துக்கும் மூங்கிலால் பின்தொடையில் ஒன்று வைப்பாராம். அவன் குட்டைக் காற்சட்டையைச் சற்று ஏற்றிக் காட்டினான். பழைய கோடுகள், ஏணிப்படிபோல் ஒழுங்காக இருந்தன. நல்ல கை அந்த ஆளுக்கு. நான் அவன் தொடையில் கைவைத்துக்கொண்டு விசில் ஊதினேன். கல்லானது. பந்தே கையில் இல்லை, ஆனாலும் கல்லானது.

அதாவது உடம்புக்கு ஒரு சத்தம் போதும். இது எனக்குப் பிடித்திருந்தது. விசில் கேட்டால் இறுகும் உடம்பு, வேறொன்றைக் கேட்டால் தளரவும் செய்யும்.

நாம் எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்தானே. பள்ளியில் மதிய உறக்கத்துக்குப் பன்னிரண்டரைக்கு மணியடிக்கும். வகுப்பே மேஜையில் தலைகவிழும். தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் உடம்பைத் தளரவிட வேண்டும், தலைதூக்கியவனுக்கு அடி. பன்னிரண்டு வருடம். அரசாங்கமே செலவு செய்து நமக்குப் பாதிப் பயிற்சி கொடுத்திருக்கிறது, மீதியை நான் கொடுத்தேன்.

தினமும் மதிய ஓய்வு நேரத்தில் அவனை ஜூடோ பாயில் படுக்கவைப்பேன். முதலில் பாதத்தை முடிந்தவரை இறுக்கு, பிறகு விடு. தொடையை இறுக்கு, விடு. வயிறு, கை, கடைசியாகத் தாடை. வரிசை மாறக் கூடாது. ஒவ்வொரு முறை தளரும்போதும் ஒரே சொல்லைச் சொல்லுவேன். சிறிய சொல்லாக, மூச்சோடு வெளியே போகிற சொல்லாக இருக்க வேண்டும். ‘விடு’ என்று வைத்தேன். மூச்சை விடு, தோளை விடு, பந்தை விடு, மூன்றுக்கும் அது ஒன்றே. உடம்பு அடங்கியதும் கண்ணை மூடியபடியே அவன் மனதுக்குள் கோட்டில் நிற்பான். வளையம் குளியல் தொட்டி அளவுக்குப் பெரிதாகும். பந்து விரல் நுனியை விட்டுப் போவதை, வலை ஒருமுறை குதிப்பதைப் பார்ப்பான். ஒரு மதியத்துக்கு இருநூறு பந்து, ஒன்றுகூடத் தவறாமல். கற்பனையில் தவறவிடுகிறவனைத்தான் உண்மையிலேயே நம்ப முடியாது.

ஏழாவது வாரம் ஒரு சோதனை செய்தேன். அணி முழுக்க டப்பாச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஹாவ்ரன் பன்றிக்கறித் துண்டைக் குச்சியால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது, பின்னால் நின்று சாதாரணமாக ‘விடு’ என்றேன். குச்சிகள் இரண்டும் விழுந்தன. கறி அவன் மடியில் விழுந்தது. அறையே சிரித்தது.

“சீனியர், இனிமே அந்தச் சொல்லைச் சொல்றதா இருந்தா முதல்ல டப்பாவ மூடச் சொல்லுங்க” என்றான். “ஒரு வாரமா எதிர்பார்த்த கறி.”

நான் தேதியும் நேரமும் குறித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் மிக மகிழ்ச்சியான மதியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம் அடி. அதைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். உடலில் இருந்த பழைய காயங்களை உங்கள் டாக்டர் பட்டியல் போட்டிருப்பார், நானே விளக்கிவிடுகிறேன்.

பாயில் படுத்துத் தளர்வது யாராலும் முடியும். பூனை செய்கிறது. ஆட்டத்தில் ஐயாயிரம் பேர் கத்த, வயிற்றில் ஒருவன் முழங்கையை இறக்கிவிட்டுப் போன அடுத்த நிமிடம் தளர்ந்தால்தான் அது பயிற்சி. ஆகவே முதலில் அணிப் பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துத் திட்டச் சொன்னேன். அவன் அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள், மீன்குட்டையைப் பற்றிச் சொன்னார்கள். அவன் சிரித்துவிட்டான். ஈரத்துண்டால் முதுகில் அடித்துப் பார்த்தோம். துண்டு கிழிந்தது. பிறகு ஜூடோ அணியில் இரண்டு பேரைப் பிடித்தேன். ஒருவன் விலாவில் குத்துவான், மற்றவன் தொடையில் உதைப்பான், விழுந்து எழுந்து மூன்று மூச்சுக்குள் அவன் எறிய வேண்டும். விழுந்தவுடன் நான் ‘விடு’ என்பேன். நான்காவது வாரம் அவர்கள் இருவரும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பரீட்சை என்றார்கள். அதனால் மூங்கில் வாள் சங்கத்திலிருந்து ஒரு வாளை வாங்கி நானே செய்ய வேண்டியதாயிற்று. எனக்கு அதில் அனுபவம் கிடையாது. முதல் நாள் புருவத்தில் பட்டுவிட்டது. கண்ணுக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐம்பதுக்கு நாற்பத்தேழு போட்டான்.

இடது சுண்டு விரலை உடைத்ததும் நான்தான். கதவிடுக்கில் வைத்து. அவன் எறிகிற கை வலது. யோசிக்காமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். கல்லூரி நெறிமுறைக் குழு முத்திரை குத்திய படிவம். ‘பயிற்சியின்போது சிறிய அசௌகரியம் ஏற்படலாம்’ என்று நான்காவது வரியில் இருக்கிறது. ஹாவ்ரன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். விரல் உடைந்த அன்று மட்டும் ஐஸ் கட்டியைப் பிடித்துக்கொண்டு, “எங்க பள்ளிக்கூட கோச்கூட ஞாயித்துக்கிழமை லீவு விட்டாரு சீனியர்” என்றான். ஞாயிறுகளை விட்டுவிட்டேன். கேட்டால் கேட்பவன்தான் நான்.

அடி இல்லாத நாளில் ஐம்பதுக்குச் சராசரி நாற்பத்து நான்கு. அடி விழுந்த நாளில் நாற்பத்தாறு. இரண்டு பந்து ஒரு வித்தியாசமா என்பார்கள். இரண்டு பந்தில் போன ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். எறிந்தவன் நான்தான்.

பள்ளிக் கடைசி வருடம், மாவட்ட இறுதியாட்டம், ஒரு புள்ளி பின்தங்கி, இரண்டு தண்டனைப் பந்து. இரண்டும் வளையத்தைத் தொடவில்லை. அப்படிப்பட்ட பந்துக்கு நம் ஊரில் ரொட்டி என்று பெயர். யார் வைத்த பெயரோ. அரங்கம் முழுக்க ஒரே குரலில் ரொட்டி, ரொட்டி என்றது. மறுநாள் என் மேஜைமேல் பத்தொன்பது ரொட்டி இருந்தது. அன்னாசி ரொட்டி, சிவப்புப் பயறு ரொட்டி, வெங்காயத்தாள் ரொட்டி. பெயரே அதுவாயிற்று. ஒன்றரை வருடம் கழித்து ராணுவப் பயிற்சி முகாமில்கூட ஒருவன் அப்படிக் கூப்பிட்டான். இதற்கும் நேற்று நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. வாக்குமூலம் முழுமையாக இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

இந்த வருடப் போட்டியில் ஹாவ்ரன் தொடர்ந்து ஐம்பத்தொரு தண்டனைப் பந்தை உள்ளே போட்டான். செய்தி நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோட்டில் நிற்பான், இரண்டு முறை தரையில் தட்டுவான், மூச்சு, தோள் இறங்கும், பந்து போகும். உதடு லேசாக அசையும். ‘விடு’ என்று சொல்லிக்கொள்கிறான் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லுவேன். அரையிறுதியில் ஜெயித்ததும் தொலைக்காட்சிப் பெண் மைக்கை நீட்டி ரகசியம் என்ன என்று கேட்டாள். நான் ஓரத்தில் நின்றிருந்தேன். சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

அவன் வளையக் கம்பத்தின் அடியைக் கைகாட்டினான். அங்கே பச்சைப் பொட்டலம் ஒன்று இருந்தது.

“சமத்தா இருன்னு வெச்சோம்” என்றான். “வளையம் சமத்தா இருக்கு.”

அந்தத் துண்டு வீடியோவைத் தீவே பகிர்ந்தது. என் பேராசிரியர் எனக்கே அனுப்பியிருந்தார், சிரித்து உருள்கிற கரடிப் படத்தோடு. மறுவாரம் ஆய்வுக் குழுவின் முன்னோட்டக் கூட்டம். நாற்பது பக்கம் புள்ளிவிவரத்தை விரித்துவைத்துப் பேசி முடித்தேன். மூன்று பேர் கொண்ட குழு. நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எல்லாம் சரி. பொட்டலத்தோட விளைவ எப்படி நீக்கினீங்க?” என்று கேட்டார்.

சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. நியாயமான கேள்விதான் சார். வருடம் முழுவதும் ஆட்டத்திலும் பயிற்சியிலும் கம்பத்தடியில் அது இருந்திருக்கிறது. அணிப் பிள்ளைகள் எனக்கு முன்பே அதை வைத்துவிட்டிருந்தார்கள். நான் பார்த்திருக்கிறேன், பொருட்படுத்தவில்லை. இரண்டு காரணம் ஒன்றாக இருக்கும்போது எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. ஒன்றை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். முதலாம் ஆண்டுப் பாடம். மூன்றாவது முறையாக ஆய்வைத் திருப்பி அனுப்பினார்கள், இனி ஒரு முறைதான் என்றும் சொன்னார்கள். அந்த ஒன்றும் போனால் நான்கு வருடம் போயிற்று.

ஹாவ்ரனைத் தேடிப்போனேன். பந்து வைக்கும் அறையில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். இறுதியாட்டத்துக்கு முன் பொட்டலம் இல்லாமல் ஒரு வாரம் முழுப் பயிற்சி, வாளோடு, என்றேன். அவன் காற்றடிப்பதை நிறுத்தவில்லை.

“போதும் சீனியர். ஃபைனலுக்கு நான் சும்மா போய் எறியறேன்.”

சும்மா எறிந்தால் பத்துக்கு நாலு என்று நினைவுபடுத்தினேன். என் சொல் இல்லாமல் அவன் உடம்பு தளராது என்றேன். அவன் பந்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்கு வருத்தமாக இருந்தது போலிருந்தது. எதற்கு என்று அப்போது புரியவில்லை.

“அந்தச் சொல் எனக்கு ஒரு நாளும் வேலை செஞ்சதில்ல சீனியர். அன்னிக்குக் குச்சிய நான் வேணும்னேதான் போட்டேன். எல்லாரும் சிரிக்கட்டுமேன்னு. நீங்க அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க, அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

கோட்டில் உதடு அசைகிறதே என்றேன். மத்தியானம் என்ன சாப்பாடு என்று யோசிப்பேன் என்றான். பயம் எப்படிப் போயிற்று என்றேன். பொட்டலத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும், சிரித்தால் பயம் போய்விடும் என்றான். இவ்வளவு பெரிய ஆட்கள் தேங்காய்த் தீனியைக் கும்பிடுகிறோமே என்ற சிரிப்பு.

அப்படியானால் வருடம் முழுக்க அடியை எதற்கு வாங்கிக்கொண்டாய் என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

“சீனியர் அடிச்சா ஜூனியர் வாங்கிக்கணும். வேற என்ன செய்யறது. நீங்க பாவம், ஆய்வு முடியணும்னு ஓடிக்கிட்டிருந்தீங்க.” பிறகு சூழலை லேசாக்க நினைத்தான் என்று எண்ணுகிறேன். “வாங்க ரொட்டி சீனியர், டீ வாங்கித் தர்றேன்” என்றான்.

அந்தப் பெயர் அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. டீயைக் குடித்தேன். நல்ல டீ, அதில் போட்ட ஜவ்வரிசி முத்து சரியான பதத்தில் வெந்திருந்தது. மறுபடியும் சொல்கிறேன், அது காரணம் இல்லை.

பயிற்சியாளர் யென்னிடமும் போய்ப் பேசினேன். அவர் என் தோளில் கைபோட்டு, பையன் சந்தோஷமாக இருக்கிறான், பந்து உள்ளே போகிறது, நமக்கு வேறென்ன வேண்டும் என்றார். “விடுப்பா” என்றும் சொன்னார். என் சொல்லையே எனக்குச் சொன்னார். என் தோள் இறங்குகிறதா என்று கவனித்தேன். இறங்கவில்லை.

அப்போதுதான் தெளிவாயிற்று. ஹாவ்ரன் சொல்வது ஒரு கருத்து. அவன் உடம்பு என்ன சொல்கிறது என்பதுதான் தரவு. ஒரு வருடம் பழக்கிய உடம்பு, அதற்குச் சொந்தக்காரன் என்ன நினைத்தாலும், சொல்லைக் கேட்டால் தளர்ந்தே தீரும். வளையம் வேண்டாம், பந்து வேண்டாம், முக்கியமாகப் பொட்டலம் வேண்டாம். அவன் வேண்டுமென்றே நடிக்க முடியாத ஓர் இடம் வேண்டும். எந்த மனிதனும் வேடிக்கைக்காகக் கையை விடமாட்டான் என்கிற இடம்.

நேற்று மதியம் எடை தூக்கும் அறைக்கு வரச் சொன்னேன். பயிற்சி எதுவும் இல்லை, சமாதானமாகப் போய்விடுவோம், சேர்ந்து எடை தூக்குவோம் என்றேன். உடனே சரி என்றான். பன்னிரண்டரைக்கு வளாகத்தில் விளக்கெல்லாம் அணைந்துவிடும், அலுவலகத்தில் தலைகள் மேஜைக்குப் போய்விடும், ஒரு மணி நேரம் இந்தத் தீவில் எதுவுமே நடக்காது. நான் கால் மணி முன்னாலேயே போய் அறையைச் சோதித்தேன். ஓடும் எந்திரத்தின் மேல் பொட்டலம் ஒன்று இருந்தது. எடுத்து வராந்தாவில் வைத்தேன். பிரிக்கவில்லை, அது அணியின் பொருள். அலமாரிகள், பெஞ்சுக்கு அடி, ஜன்னல் விளிம்பு எல்லாம் பார்த்தேன். சுத்தம்.

பாரில் தொண்ணூறு கிலோ ஏற்றினேன். தட்டுகள் நழுவாமலிருக்க இருபுறமும் பூட்டை நன்றாக முடுக்கினேன். ஹாவ்ரன் வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றாமலே பெஞ்சில் மல்லாந்து படுத்தான், குளிர் என்றான். நான் தலைமாட்டில் நின்றேன். மல்லாந்து படுத்துப் பாரைத் தூக்குகிற பெஞ்ச் பிரஸ் செய்கிறவன் தலைமாட்டில் ஒருவன் நிற்பது வழக்கம். கை தளர்ந்தால் பாரைப் பிடித்துக்கொள்வதற்காக. என்மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கைக்கு இதைவிட ஆதாரம் தேவையில்லை.

எட்டு முறை தூக்கினான். ஒன்பதாவதில் கைகள் நடுங்கத் தொடங்கின. பார் கழுத்துக்கு நேர்மேலே, ஒரு சாண் உயரத்தில் இருந்தது. நான் சாதாரணக் குரலில் ‘விடு’ என்றேன்.

கண்ணை உயர்த்தி என்னைத் தலைகீழாகப் பார்த்தான். சிரித்தான். “விளையாடாதீங்க சீனியர்.”

இரண்டாவது முறை சொன்னேன். முகம் சிவந்திருந்தது. கைகள் அப்படியே நின்றன. தொண்ணூறு கிலோவை அந்த உயரத்தில் அவ்வளவு நேரம் நிறுத்தியது ஆச்சரியம்தான், பலசாலி அவன். பிறகு சிரிக்கவில்லை.

“பிடிங்க” என்றான். “பிடிங்க சீனியர்.”

பிடித்தேன். அறைக் கேமராப் பதிவில் நீங்கள் பார்த்தது அதுதான். நான் மேலிருந்து பிடித்திருக்கிறேன், பார் கீழ்நோக்கிப் போகிறது. என் கால்கள் தரையை விட்டு உயர்ந்திருப்பதாகவும் சொன்னீர்கள். இருக்கலாம். உதவிக்கு நிற்பவன் பாரில் கைவைப்பது விதிக்குள் வருகிற விஷயம். சொல்லுக்கும் உடம்புக்கும் நடுவில் கொஞ்சம் தாமதம் இருந்தது, அந்தத் தாமதத்தை மட்டும் குறைத்தேன்.

முட்டியில் வைத்துக் கரும்பை ஒடிக்கிற சத்தம் வந்தது. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை, பேச முயன்றான். கால்கள் உதைத்ததில் ஒரு ஷூ கழன்று கண்ணாடியில் பட்டு, கண்ணாடி விரிந்தது. அதை நான் ஈடு செய்துவிடுகிறேன். பூட்டு முடுக்கியிருந்ததால் பாரைச் சாய்த்துத் தட்டுகளைக் கொட்ட அவனால் முடியவில்லை. என் முன்கையில் எட்டுக் கோடு தெரிகிறதே, அது அவன் நகம். ஏணிப்படிபோல் இருக்கிறது இல்லையா. வாயிலிருந்து வந்த ரத்தம் என் ஷூவில் பட்டது. நான் பதறவில்லை. பதறினால் குரல் மாறும், குரல் மாறினால் சோதனை கெட்டது. மூக்கால் நாலு, வாயால் ஆறு. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ‘விடு’ என்றேன். இருபத்தாறு மூச்சு. நிமிடத்துக்கு ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு விட்டான். முதலில் பாதம் அடங்கியது. அப்புறம் தொடை. வயிறு. கை என் கையிலிருந்து நழுவியது. கடைசியாகத் தாடை திறந்துகொண்டது. நான் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே சார். ஒன்றுகூட மாறவில்லை. அந்தத் தொடையைத் தொட்டுப் பார்த்தேன். விசில் சத்தத்துக்குக் கல்லாகிற தொடை, பஞ்சுபோல் இருந்தது. பையில் விசில் இருந்தது, எடுத்து ஊதியும் பார்த்தேன். கொஞ்சம்கூட இறுகவில்லை. அவன் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

நேரத்தைக் குறித்துக்கொண்டு, அறையைப் பூட்டிவிட்டு, வராந்தாவில் இருந்த பொட்டலத்தைக் கதவடியில் வைத்துவிட்டு இங்கே நடந்து வந்தேன். ஹாவ்ரனைக் கொன்றது நான்தான். இதில் எனக்கு மறுப்பு இல்லை, அப்படியே அடித்துக்கொள்ளுங்கள். ஆனால் எதனால் செத்தான் என்ற பத்தியில் எடை என்று மட்டும் போட்டால் அது தவறான பதிவு. சொல் வேலை செய்தது. குழு கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. பொட்டலம் இல்லாத அறை, சொல் மட்டும், முழுத் தளர்ச்சி. சிறையிலிருந்து ஆய்வைச் சமர்ப்பிக்க வழி உண்டா என்று பேராசிரியரிடம் யாராவது கேட்டுச் சொன்னால் நல்லது.

இது என்ன சார்.

அவன் ஸ்வெட்டர் உள்பையிலிருந்தா. சரி. நான் அறையைத் தேடினேன், அவனைத் தேடவில்லை. அது என் பிழை.

நசுங்கியிருக்கிறது. பச்சைதான். உறைமேல் எழுதியிருப்பது அவன் கையெழுத்துதான், கோழி கிளறியதுபோல் இருக்கும். ‘மூச்சு சீனியர் ஆய்வு இந்தத் தடவை பாஸ் ஆகணும். சமத்தா இரு.’ படித்துவிட்டேன் சார். மறுபடியும் காட்ட வேண்டாம். எனக்குக் கொடுக்கத்தான் கொண்டுவந்திருப்பான், எடை தூக்கி முடித்ததும் கொடுக்கலாம் என்று வைத்திருப்பான். அது புரிகிறது, அதை விளக்க வேண்டாம்.

உறையின் அடி ஓரத்தில் ஒரு தேதி அச்சடித்திருக்கும். உங்கள் பெருவிரல் அதை மறைக்கிறது. கொஞ்சம் நகர்த்துங்கள். தேதி முடிந்திருந்தால் அந்த அறையில் பொட்டலம் இருந்ததாகக் கணக்கில் வராது.